போணி ஆகாத கடைகளும் என் முதல் இன்டர்வியூவும்

எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அக்கா பி.எட். படிக்கப் போவாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே திட்டம் அதுதான். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை நான்.

அக்கா கணிதத்தில் முதல் வகுப்பில் பட்டம் வாங்கியவள். வாங்கிய மூன்றாவது மாதமே திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். செல்போன் என்பது பெரிய மனிதர்களின் சட்டைப்பையில் மட்டும் எட்டிப் பார்த்த காலம் அது. ஊரே பூத்துக்கு வந்துதான் பேசியது. காலை ஏழு மணிக்குப் போய் ஷட்டரைத் தூக்கினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவர். விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவார். அவர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் அக்கா சம்பளம்.

அந்த 'மற்றதெல்லாம்' என்பதில் பெரும்பகுதி நான்தான். என் பி.காம். படிப்பு, பஸ் பாஸ், தலைக்குத் தடவும் ஜெல், தவறிய தாள்களுக்கு மறுபடி மறுபடி கட்டிய தேர்வுக் கட்டணம். ஒரு தாளை நான் நான்கு முறை எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் பாஸ் போட்டுவிட்டார்கள் என்று அக்கா சொல்வாள். பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியும் நான் செய்த வேலை, காலையில் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வது. விண்ணப்பம் போடுவது வேறு வேலை. அதற்கு இன்னும் மனம் தயாராகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்காதான் ஒன்றைப் போட்டாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சோப்புக் கம்பெனி ஒன்று, துணி சோப்பு விற்க ஆள் எடுக்கிறது என்று விளம்பரம் வந்திருந்தது. ஏதாவது ஒரு பட்டம் போதும், அனுபவம் தேவையில்லை. அக்கா என் பெயரில் எழுதி, என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டு அனுப்பிவிட்டாள். பத்தாவது நாள் கடிதம் வந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு லாட்ஜின் ஹாலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஜூன்ல பி.எட். அட்மிஷன். இது மே. கணக்குச் சரியா வருது பாத்தியா," என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் ஒரு புத்தகம் வாங்கினேன். இன்டர்வியூவில் கேட்கப்படும் நூற்றியொரு கேள்விகளும் பதில்களும், முழுக்க ஆங்கிலத்தில். டெல்லியில் அச்சானது. அட்டையில் கோட்டு போட்ட ஒருவன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நூற்றியொரு பதில்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் எனக்கும் கிடைத்துவிடும் என்று முடிவு செய்தேன். என் படிப்பு முழுவதும் அப்படித்தான் நடந்திருந்தது, அதன் பலன் என்னவென்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

பயிற்சி பூத்தில் நடந்தது. பூத்தில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். அவற்றுக்கு வெளியே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பில் கிழிக்கும் மெஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அக்கா, அதாவது இன்டர்வியூ எடுக்கும் அதிகாரி. மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் நான். அவள் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பிப்பேன். நடுவில் யாராவது கூண்டிலிருந்து வெளியே வந்தால் அதிகாரி பில் கிழித்துச் சில்லறை கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இருபத்திமூன்றாம் கேள்வி, 'உங்கள் பலவீனம் என்ன?' என்பது. புத்தகம் சொன்ன பதில்: 'நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன். ஒரு வேலையை எடுத்தால் ஊண் உறக்கம் மறந்துவிடுகிறேன். அதுவே என் பலவீனம்.' இதை நான் ஆங்கிலத்தில் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தபோது அக்கா மேசையில் தலையை வைத்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்புச் சத்தத்தில் எதிர்முனையில் பேசுவது கேட்கவில்லை என்று கூண்டுக்குள்ளிருந்த ஆள் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏலே, இதச் சொல்லாதலே. வேற ஏதாச்சும் சொல்லு."

"வேற என்ன பலவீனம் இருக்கு எனக்கு?"

"எழுதித் தரவா? ஒரு குயர் நோட்டு வாங்கிட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. என் பலவீனங்களின் பட்டியலில் முதலில் வரவேண்டியது அந்தக் கோபம்தான். இரண்டு நாள் பூத்துப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் பசித்தவனைப் போல நானாகவே போய் நின்றேன். அக்கா ஒன்றும் கேட்காமல் இருபத்திநான்காம் கேள்வியை ஆரம்பித்தாள்.

ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யாத் தோட்டக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கேரளாவுக்குப் பேசுவார். ஒருநாள் பேசி முடித்தவர் போகாமல் ஓரமாக நின்று என் ஒப்பித்தலை முழுவதும் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, எதுக்குங்க இதெல்லாம்?"

"சேல்ஸ் இன்டர்வியூ. சோப்புக் கம்பெனி."

"சோப்பு விக்கறதுக்கா இத்தன இங்கிலீசு?" என்று உண்மையான சந்தேகத்தோடு கேட்டுவிட்டு, மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொய்யாப்பழம் விற்கிறவருக்கு கார்ப்பரேட் உலகம் என்ன புரியும் என்று நான் அவர் முதுகைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். 'கார்ப்பரேட்' என்ற சொல்லை நான் கற்று அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்தது டை. டை இல்லாமல் போகக்கூடாது என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அக்கா பணத்தில் கருநீல டை ஒன்று வாங்கினேன். கட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் படம் இருந்தது. அதைப் பார்த்துக் கட்டியதில் ஒருமுறை அம்மா கத்திரிக்கோல் எடுத்து வர வேண்டியதாயிற்று. எங்கள் தெருக்கோடியில் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர் ஒருவர் இருந்தார். எங்கள் பகுதியான மேட்டுப்பட்டி முழுக்க டை கட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் போனேன். அவர் தமக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். ஊர்வலத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டிய முடிச்சு அது. ஒரு சிறிய கத்தரிக்காய் அளவு இருக்கும். அவிழ்த்தால் மறுபடி வராது என்ற பயத்தில், தலை வழியாகக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்துப் பதினைந்து நாள் காப்பாற்றினேன்.

கை குலுக்கிப் பழக அப்பாவை நாடினேன். உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன். பகலெல்லாம் வெங்காய மூட்டையைத் தராசில் தூக்கி வைக்கிறவரிடம் உறுதியைப் பற்றிப் பேசியது என் தப்பு. இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அம்மா விடியற்காலையிலேயே அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அக்கா பூத்துக்குக் கிளம்பும்போது என் சட்டைப்பையில் மதியச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் வைத்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததச் சொல்லாத. நல்லாச் சொல்லிருவலே நீ. எனக்குத் தெரியும்," என்றாள். அது எனக்குச் சொன்ன தைரியமா, அவளுக்கே சொல்லிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது மட்டும் தெரிந்தது. அன்று காலை நான் உண்மையாகவே ஜெபம் செய்தேன்.

லாட்ஜ் ஹாலில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். வடமதுரை, வத்தலக்குண்டு, பழனி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். டை கட்டியவர்கள் நான்கு பேர். முடிச்சின் அளவில் நான்தான் முதல். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. நான் நூற்றியொரு பதில்களையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேர்வுக்கு முழுசாகப் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். அரைக்கை சட்டை, செருப்பு, நெற்றியில் விபூதி. அவர் பின்னால் ஒருவர் மஞ்சள் துணிப்பைகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் ஆளுக்கொரு பை எடுத்துக்குங்க. பைக்குப் பத்து சோப்பு இருக்குதுங்க. பன்னெண்டரைக்குள்ள கடைகள்ல வித்துப்போட்டு வாங்க. வீட்டுல விக்கக்கூடாது, சொந்தக்காரங்ககிட்ட விக்கக்கூடாது. கடனும் வேண்டாமுங்க, ரொக்கம். பேச்செல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

நான் கையைத் தூக்கினேன். "சார், இன்டர்வியூ?"

"இதுதானுங்க," என்றார்.

மஞ்சள் பையும் கருநீல டையுமாக ரத வீதியில் இறங்கினேன். கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு, கல்லாவுக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்த ஒரு மளிகைக் கடையில் போய் நின்று, ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லி, கம்பெனியைப் பற்றி நாலு வரி பேசி, சோப்பை நீட்டினேன். கடைக்காரர் சோப்பைப் பார்க்கவில்லை. என் டையைப் பார்த்தார்.

"ஏப்பு, கடை தெறந்து இன்னும் போணி ஆகல. வெள்ளிக்கிழம அதுவுமா வந்து காசு கேக்குறியே. நீ இந்த ஊருதானா?"

நான் இந்த ஊர்தான். அதுதான் கேவலம். காலையில் முதல் வியாபாரம் ஆவதற்குப் பெயர் போணி. போணி ஆகி ஒரு ரூபாயாவது உள்ளே வரும் முன் கல்லாவிலிருந்து எதையும் வெளியே எடுக்க மாட்டார்கள். கடனும் தரமாட்டார்கள், சில்லறையும் மாற்றித் தரமாட்டார்கள். திண்டுக்கல்லில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இது தெரியும். காலையில் பக்கத்துக் கடைக்கு என்னை அனுப்பும்போதெல்லாம் அம்மா, "போணி ஆயிருச்சான்னு பாத்துட்டு சில்லற கேளு" என்று சொல்லித்தான் அனுப்புவாள். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் வளர்ந்து தெரிந்துகொண்டதையெல்லாம் டெல்லிப் புத்தகத்தை மூன்று வாரம் படித்ததில் நான் மறந்திருந்தேன்.

இரண்டாவது கடையிலும் இதே பதில். மூன்றாவது கடைக்காரர் பதிலே சொல்லாமல் கையால் தள்ளிப் போகச் சொன்னார். வியர்வையில் டை கழுத்தை அறுத்தது. நாலாவது கடை முன்னால் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் நினைத்தால் முகம் சூடாகிறது. போணி ஆகவில்லை என்பதுதானே பிரச்சினை? அதை நானே செய்துவிட்டால்?

உள்ளே போய், அக்கா தந்த பணத்தை எடுத்து நீட்டி, அரைக்கிலோ வெல்லம் கேட்டேன். போணிக்குப் பேரம் பேசக்கூடாது, கால்கிலோ நூறு கிராம் என்று இழுக்கவும் கூடாது. அந்த மரியாதை மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. கடைக்காரர் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லு அப்பு, பையில என்ன?" என்றார். இரண்டு சோப்பு வாங்கிக்கொண்டார்.

நான் தெருவில் நடந்தேன் என்று சொல்ல முடியாது, மிதந்தேன். முப்பது பேரும் போணி ஆகாத கடைகளில் திட்டு வாங்கிக்கொண்டிருக்க, நான் ஒருவன் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த கடையில் ஒரு விளக்குமாறு வாங்கினேன், ஒரு சோப்பு விற்றது. அடுத்து ஒரு எலிப்பொறி, ஒரு சோப்பு. எங்கள் வீட்டில் எலி கிடையாது. அக்கா கொடுத்த பணம் அத்தோடு தீர்ந்தது. விற்ற சோப்பின் பணம் இருந்ததே, அதை எடுத்து அடுத்த போணியைச் செய்தேன்.

நான் கவனிக்காத ஒன்று இருந்தது. பத்தரை மணிக்கு மேல் ரத வீதியில் போணி ஆகாத கடை எப்படி இருக்கும்? ஆனால் நான் நுழைந்த ஒவ்வொரு கடையிலும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் ஆகலையே அப்பு" என்றார்கள். டை கட்டிக்கொண்டு ஒருவன் கடைகடையாக வந்து போணி செய்துவிட்டுப் போகிறான் என்ற செய்தி எனக்கு முன்னால் வீதியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாத்திரக் கடைக்காரர் வாசலுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். என் பேச்சுத் திறமைதான் ஊரெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்தேன்.

கடைசிக் கடையில் நேரமாகிவிட்ட அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்துக் காசைக் கொடுத்தேன். அது என்னவென்றுகூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஹாலில் மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எத்தனை விற்றது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பலர் மூன்று, நான்கு என்றார்கள். ஒருவர் ஒன்றும் விற்காமல் வந்திருந்தார். என் முறை வந்தபோது நான் நிமிர்ந்து, "எட்டு, சார்" என்றேன். ஹாலில் தலைகள் திரும்பின. மேனேஜரும் நிமிர்ந்து பார்த்தார்.

"பரவாயில்லீங்களே. பணத்தக் குடுங்க."

சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். இரண்டு சோப்பின் விலைகூட இல்லை. அவர் பணத்தைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். பையை வாங்கி மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். விற்காத இரண்டு சோப்பு. வெல்லம். எலிப்பொறி. ஒரு டஜன் சட்டைப் பட்டன். வடிகட்டி. அப்பளக்கட்டு. கடைசியாக இன்னொரு துணி சோப்பு வந்தது. அது அவர்கள் சோப்பு இல்லை. அவர்களுக்குப் போட்டியான கம்பெனியின் சோப்பு.

ஹால் முழுவதும் சிரித்தது. ஒன்றுமே விற்காமல் வந்தவர்தான் அதிகம் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. போணிக் கதையை நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க அருமையான கஸ்டமருங்க. வீதிக்கு ஒருத்தர் உங்கள மாதிரி இருந்தா நாங்கெல்லாம் நல்லா இருப்போம். ஆனா நான் இங்க கஸ்டமர் எடுக்க வரலீங்க."

நான் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அக்காவின் காலை முகம் கண்ணுக்குள் நின்றது. "சார், ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்க சார். மூணு வாரம் படிச்சிருக்கேன்," என்றேன். முப்பது பேர் முன்னால் ஒரு வளர்ந்த ஆண் இப்படிக் கெஞ்சக்கூடாது என்று தெரிந்தே கெஞ்சினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரிங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். ஆங்கிலத்தில், பிசிறில்லாமல், அக்கா நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, நிமிரச் சொன்ன இடத்தில் நிமிர்ந்து சொன்னேன். ஹாலில் சிரிப்பு அடங்கியிருந்தது.

"நல்லாப் பேசறீங்க. ஆரு சொல்லிக்குடுத்தாங்க?"

"எங்க அக்கா சார்."

"டீச்சருங்களா?"

"இல்ல சார். இனிமேத்தேன் ஆகணும்," என்றேன்.

அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு, நான் வாங்கிய சாமான்களைத் தம் கையாலேயே திரும்ப என் பையில் போட்டுக் கொடுத்தார். குறைந்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸுக்குப் பணமில்லை. மே மாத வெயிலில் நாகல் நகர் வரைக்கும் விளக்குமாற்றோடு நடந்தேன். பூத்தில் அக்கா தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எப்பருந்து வரச் சொன்னாக?"

'கிடைத்ததா' என்று அவள் கேட்கவில்லை.

"வரச் சொல்லலக்கா."

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை, சாட்சிகள் பையில் இருந்தன. எலிப்பொறிக்கு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். போட்டிக் கம்பெனி சோப்புக்கு வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

"காலைல ஓனர்ட்ட சொல்லிட்டேன்லே," என்றாள்.

"என்னன்னு?"

"மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்னு. ஆள் பாக்கச் சொல்லிட்டேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பில் கட்டைச் சரியாக அடுக்கினாள். "பரவால்ல. இப்ப வருவாரு. இருக்கேன்னு சொல்லிட்டா இருன்னுதேன் சொல்லுவாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்." போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே வாக்கியத்தை இதே குரலில்தான் சொல்லியிருந்தாள். அப்போதெல்லாம் அது என் காதில் விழுந்து அப்படியே வெளியே போய்விட்டது. அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. எனக்கு என்மேல் தாங்க முடியாத வெறுப்பு வந்தது.

நாலு மணிக்கு ஓனர் வந்தார். பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தினமும் வந்து மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுப் போவார். அக்கா எழுந்து, "சார், காலைல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"சார், அந்த வேலைக்கு நான் வாரேன்," என்றேன்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஓனர் என் டையையும் விளக்குமாற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ டிகிரி முடிச்சவனாச்சே. ஆம்பளப் புள்ள, இதுல இருப்பியா?"

"இருப்பேன் சார்."

"சாப்பாட்டுக்குப் போறேன் டீக்குப் போறேன்னு பூத்தத் தெறந்து போட்டுட்டுப் போகக்கூடாது."

"போகமாட்டேன் சார்."

"அப்ப ஒண்ணாந்தேதி வா," என்றார். அவ்வளவுதான் அந்த இன்டர்வியூ.

அவர் போனதும் அக்கா என்மேல் பாய்ந்தாள். "என்னலே பண்ற நீ? டிகிரி முடிச்சிட்டு யாராச்சும் எஸ்.டி.டி. பூத்துல வந்து உக்காருவாகளா? இன்னும் நாலு எடத்துக்குப் போட்டுப் பாக்க வேண்டாமா?"

"நீயும் டிகிரி முடிச்சிட்டுத்தேனக்கா உக்காந்திருக்கே," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீட்டரைப் பார்த்தாள். கூண்டு இரண்டும் காலியாக இருந்தன. மீட்டரில் பார்க்க ஒன்றும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து, கைகால் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வச்ச புள்ள," என்றாள் அம்மா. "போயும் போயும் ஒரு பூத்துல போயி ஸ்டூல்ல உக்காரணுமா. நாலு பேரு என்ன பேசுவாக. எம்புள்ளைக்கு இப்பிடியா எழுதியிருக்கணும்." அழுகை நிற்பதாக இல்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டு, தியாகம் செய்தவன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முகம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்று அம்மா அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. குரலும் உயரவில்லை.

"நான் அந்த ஸ்டூல்ல போயி உக்காந்த அன்னைக்கு நீ பாயாசம் வச்சம்மா," என்றாள்.

அம்மாவின் அழுகை நின்றது. அப்பா எழுந்து கைகால் கழுவப் போனார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பாயாசத்தை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவன் நான்.